பனி பூசிய ஜன்னலுக்குப் பின்னால்

விமானம் கனமே இல்லாமல் கையோடு வந்தது.

ஓரெஸ்ட் ஃபெடோருக் அதைப் பெட்டிக்குள் வைக்கத்தான் எடுத்தார். அட்டைப்பெட்டியின் அடியில் நுரைப்பஞ்சை வெட்டிப் பரப்பியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோரா ஆர்னசன் கிம்லியிலிருந்து வந்து வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. பீடத்தோடு சேர்த்துத் தூக்கியவர் தூக்கிய நிலையிலேயே நின்றுவிட்டார். பல்செட் கட்டுவது அவர் தொழில். கைக்கு வருகிற பொருளின் எடையை அவர் கேட்காமலே கை சொல்லிவிடும். இதில் ஏதோ குறைந்தது.

மூக்குச் சக்கரம் வைத்த மாடல் விமானம் அது. முன்பக்கம் பாரம் இல்லாவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். அதற்காகவே சரக்கறைத் தளத்தின் அடியில், முன் ஓரமாக, தூண்டிலில் கட்டுகிற ஈய உருண்டைகளை ஒட்டியிருந்தார். தளம் உள்ளே இருந்தால் ஈயமும் உள்ளே இருக்க வேண்டும்.

பீடத்தைக் கவிழ்த்து, சக்கரங்களைப் பிடித்திருந்த கம்பிகளை நிமிர்த்தி, விமானத்தைத் தனியாக எடுத்து மேசையில் வைத்தார். அது ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்ல, அலுப்போடு அமர்கிறவரைப் போல, வாலைத் தரையில் போட்டு மூக்கை அண்ணாந்தது.

"அட பாவி," என்றார் ஓரெஸ்ட். கார்னெட்டைத்தான் சொன்னார். வேறு யாரும் அந்த விமானத்தைத் தொட்டிருக்க முடியாது.

கார்னெட் மக்கியும் அவரும் வெகுகாலக் கூட்டாளிகள். வின்னிபெக்கின் மாடல் விமானச் சங்கத்தில் இருவரையும் ஒரே பெயர்போலச் சேர்த்துத்தான் சொல்வார்கள். உள்வேலை ஓரெஸ்டுடையது. கடையில் வாங்குகிற பெட்டியில் விமானத்தின் வெளிக்கூடு மட்டும் ஒழுங்காக இருக்கும். உள்ளே ஓர் இருக்கையும் வெறும் தளமும் தந்து கைகழுவிவிடுவார்கள். மீதியை ஓரெஸ்ட் வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டிலும் செம்புக் கம்பியிலும் வெட்டி, இழைத்து, ஒட்டி உண்டாக்குவார். பட்டை வைத்த இருக்கைகள், விலா எலும்பு போன்ற சட்டங்கள், கொக்கிகள், கயிறு கட்டும் வளையங்கள். முடித்ததைக் கார்னெட்டிடம் கொடுத்தால், அவன் அதைக் கூட்டின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் வைத்து மூடி, மூட்டுக்குப் பட்டி பார்த்து, பெயிண்ட் அடிப்பான். மூடிய பிறகு உள்ளே இருப்பதில் பெரும்பகுதி எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அதனால் மூடுவதற்கு முன் எடுத்த படங்களை விமானத்தின் பக்கத்தில் வைப்பது சங்கத்து வழக்கம். நடுவர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சின்ன டார்ச்சை ஜன்னலில் அடித்துப் பார்ப்பார்கள். தெரியாத பாகத்துக்குப் படத்தை நம்புவார்கள். இதுவரை யாரும் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்ததில்லை.

ஓரெஸ்ட் டார்ச்சை எடுத்து ஜன்னலில் அடித்தார். விமானியின் இருக்கை தெரிந்தது. அதன் பின்னால் ஒரு தடுப்பு. சரக்கறையின் ஜன்னல்களில் கார்னெட் உறைபனி வரைந்திருந்தான். கண்ணாடியின் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிப் படர்ந்த வெள்ளைப் பூக்கள். போன சனிக்கிழமை நடந்த சங்கக் கண்காட்சியில் மூன்று நடுவர்களும் அந்தப் பனியைத்தான் நின்று நின்று பார்த்தார்கள். வடக்கே பறக்கிற விமானத்தின் உயிரே இதில் இருக்கிறது என்று ஒருவர் எழுதியும் வைத்தார். முதல் பரிசுப் பட்டயமும் இதற்குத்தான் கிடைத்தது. அந்த வெள்ளைப் பூக்களுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

"பெட்டி கட்டியாச்சா இல்லையா? சூப்பு ஆறுது!" நிலவறைப் படியின் மேலிருந்து அவர் மனைவி லூபா கத்தினாள்.

"கட்டலை."

"ஏன்?"

"உள்ள ஒண்ணும் இல்ல."

லூபா இறங்கி வந்தாள். மூக்கை அண்ணாந்திருந்த விமானத்தையும் கணவனையும் மாறிமாறிப் பார்த்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பின்னால் யார் என்ன செய்கிறார்கள் என்பதைத் திரும்பாமலே கண்டுபிடிப்பாள்.

"அந்தப் பொம்பளை படத்தைப் பார்த்துட்டு அழுதாளே," என்றாள்.

"அதான்."

தோரா ஆர்னசனின் அப்பா அந்த விமானத்தில்தான் ஏரிக்கு வடக்கே இருந்த ஊர்களுக்குத் தபால் கொண்டுபோனார். விமானியின் முதுகுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி, அதன் மேல் மடித்துப் போட்ட தபால் சாக்கு. சிறுமி தோராவின் ஆசனம் அது. பழைய புகைப்படம் ஒன்றைக் கொடுத்து, 'முடிஞ்சா இதையும் வைங்க' என்று கேட்டிருந்தாள். ஓரெஸ்ட் வைத்தார். சாக்கை டிஷ்யூ தாளில் செய்து, பசைத்தண்ணீரில் நனைத்து, உட்கார்ந்து உட்கார்ந்து அமுங்கின பள்ளம்கூட வரவைத்திருந்தார். காட்சி மண்டபத்தில் அந்தப் படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "இது என் இடம்," என்று மட்டும் சொன்னாள் தோரா. விமானம் உங்களுக்குத்தான் என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார்கள். வெறுங்கூட்டைக் கொடுத்து அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது.

"இப்படியே குடுத்தாலும் அவளுக்குத் தெரியப்போறதில்ல," என்றாள் லூபா. அவரைச் சோதிக்கிற குரல்.

"எனக்குத் தெரியுமே."

"அப்ப போய் அவன்கிட்ட கேளு. சூப்பைக் குடிச்சிட்டுப் போ."

சூப்பைக் குடிக்காமல் போனார்.

கார்னெட்டின் டிங்கரிங் பட்டறையில், மான் மோதி முகப்பு நசுங்கிய ஒரு பிக்கப் வண்டி நின்றது. கார்னெட் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து பட்டி பூசிக்கொண்டிருந்தான். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். குந்தினாலும் நிற்கிற லூபாவின் உயரம் இருப்பான். கதவு திறந்த குளிரில் திரும்பிப் பார்த்தான். ஓரெஸ்டின் கையில் விமானம் இருப்பதைக் கண்டதும் பட்டிக் கரண்டியைத் தகரத்தின் விளிம்பில் துடைத்து, கவனமாகக் கீழே வைத்தான்.

"கதவைச் சாத்து. பட்டி காயாது."

"உள்ள என்னடா இருக்கு?" என்றார் ஓரெஸ்ட்.

"விமானி சீட்டு இருக்கு."

"அது தெரியுது. மீதி?"

கார்னெட் எழுந்தான். சுவரோர அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு மார்ஜரின் டப்பாவை இறக்கி, மூடியைத் திறந்து நீட்டினான். பஞ்சுக்குள் ஓரெஸ்டின் சரக்கறை இருந்தது. தளம், சட்டங்கள், மடக்கு பெஞ்சு, மரப்பெட்டி, சாக்கு. ஒரு கீறல் இல்லை.

"பொருந்தலை," என்றான் கார்னெட்.

"என்ன பொருந்தலை?"

"உள்ள போகலைடா. ரெண்டு பாதியும் மூடலை. வாய் பொளந்துக்கிட்டு நிக்குது."

"நான் போட்டுப் பார்த்துத்தானே குடுத்தேன்! ஒரு தடவையா ரெண்டு தடவையா? கூட்டுல வெச்சு, ரப்பர் பேண்டு போட்டு, வெளிச்சத்துல காட்டிப் பார்த்துத்தான் குடுத்தேன். முடி நுழையாது!"

"உன் வீட்டுல நுழையாது. இங்க என் சுண்டுவிரல் நுழைஞ்சுது."

"உனக்கு வைக்கத் தெரியலை."

"ஆமா, எனக்குத் தெரியலை. இத்தனை வருஷம் நீ செஞ்சதையெல்லாம் உங்கொப்பனா வந்து உள்ள வெச்சு மூடுனாரு?"

பட்டறையின் மறு கோடியில் வண்டிக்கு அடியில் படுத்திருந்த யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். இருவரும் குரலைத் தாழ்த்தினார்கள்.

"சரி, பொருந்தலை. எனக்கு ஒரு போன் போட்டியா?"

கார்னெட் கையில் ஒட்டிக் காய்ந்த பட்டியை நகத்தால் உரித்தான்.

"போட்டோவை மட்டும் கரெக்டா கொண்டுபோய் வெச்சே. ஜன்னல்ல பனி வேற! அழகா இருக்குன்னு நானும் கூட நின்னு கைதட்டினேன்டா, மடையன் மாதிரி."

"காட்சிக்கு மூணு வாரம்தான் இருந்துச்சு. பெயிண்டே மூணு வாரம்."

"அந்தம்மாகிட்ட என்ன சொல்றது?"

"தெரியலை."

"நான் இதை அறுக்கப்போறேன்," என்றார் ஓரெஸ்ட். சொன்ன பிறகுதான் அதைத்தான் செய்யப்போகிறோம் என்பது அவருக்கே தெரிந்தது. "மூட்டோட அறுத்து, உள்ள வெச்சுக் காட்டறேன். பொருந்துதா இல்லையான்னு அப்பப் பேசு."

கார்னெட் விமானத்தைப் பார்த்தான். வெயிலில் வெளுத்த மஞ்சள், இறக்கையில் ஏறி இறங்கிய பூட்ஸ் தேய்த்த தடம், எஞ்சினிலிருந்து வயிற்றோடு வழிந்த எண்ணெய்க் கறை. அவன் செய்ததிலேயே அது உயர்ந்த வேலை என்பது ஓரெஸ்டுக்கும் தெரியும்.

"அறு," என்றான். "மேல் மூட்டுல ஆரம்பி. கீழ கொஞ்சம் அதிகமா ஒட்டியிருக்கேன்."

மறுநாள் வேலை முடிந்து வந்த கையோடு ஓரெஸ்ட் உட்கார்ந்தார். மெல்லிய ரம்பத்தகட்டை மேல் மூட்டில் வைத்து இழுத்தார். மஞ்சள் தூள் மேசையில் உதிர்ந்தது. ஒவ்வோர் இழுப்புக்கும் மனதில் ஒரு வசனம் தயாராயிற்று. இனிமேல் உன் வேலையை நீ பாரு, என் வேலையை நான் பார்க்கறேன். சங்கத்தில் தனித்தனி மேசையில் உட்காரலாம். பெயிண்ட் அடிக்கத் தெரிந்தவர்கள் வேறு இல்லையா என்ன? ரம்பம் வால்பக்கம் போனபோது அந்த வசனங்கள் கூர்மையாக, நன்றாகவே இருந்தன.

கூடு இரண்டாகப் பிரிந்து கையில் வந்தது. உட்புறத்தை விளக்குக்குக் காட்டினார்.

சுவர் முழுவதும் சுரண்டிய தடங்கள்.

வளைவுக் கத்தியால் இழுத்த நீளநீளமான கோடுகள். அதன் மேல் கரடான உப்புத்தாள். அதற்கு மேல் மென்மையான உப்புத்தாள். தொழிற்சாலையில் வார்த்த பிளாஸ்டிக்கின் பளபளப்பு சரக்கறைப் பகுதியில் ஓர் இடத்தில்கூட மிச்சமில்லை. ஜன்னலுக்குக் கீழே சுவரை அவ்வளவு மெலிதாக இழைத்திருந்ததால் வெளிப்பக்கத்து மஞ்சள் உள்ளே ஊறித் தெரிந்தது. ஓர் இடத்தில் கத்தி மறுபக்கம் போய்விட்டிருந்தது. அந்த ஓட்டையை உள்ளிருந்து ஒரு துண்டுத் தகடு வைத்து அடைத்து, வெளியே பட்டி பார்த்து, மேலே ஓர் எண்ணெய்க் கறையை வழியவிட்டிருந்தான். காட்சியில் அந்தக் கறையை ஓரெஸ்ட் தனியாகப் பாராட்டியிருந்தார்.

ஒருநாள் வேலை இல்லை இது. பெயிண்டுக்கு மூன்று வாரம் என்றானே, அதில் முதல் வாரம் இங்கேதான் போயிருக்கிறது.

அவர் சரக்கறையை எடுத்து ஒரு பாதியில் வைத்தார். உட்கார்ந்தது. மறு பாதியைக் கொண்டுவந்து மூடினார். மூடவில்லை. அழுத்தினார். இவ்வளவு சுரண்டிய பிறகும், கத்தி ஆழமாக இறங்காத மூலைகள் இடித்து, மேல் மூட்டில் ஒரு நாணயம் நிற்கிற அளவு இடைவெளி. சுண்டுவிரல் நுழைந்தது என்று கார்னெட் சொன்னது கொஞ்சம் கூடுதல். ஆனால் பொய் இல்லை.

ஓரெஸ்ட் எழுந்து போய் அலமாரியிலிருந்து தன்னுடைய கூட்டை எடுத்தார். அளவு பார்ப்பதற்கென்று வைத்திருக்கும் கூடு, பெயிண்ட் இல்லாத வெறும் சாம்பல் பிளாஸ்டிக். சரக்கறையை அதில் வைத்து மூடினார். சின்னதாக ஒரு சத்தம். மூட்டில் நகம்கூடத் தட்டவில்லை.

இரண்டு கூடுகளையும் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு காலிப்பரை எடுத்து, கார்னெட்டின் கத்தி படாத வால்பகுதியில் சுவரின் கனத்தை அளந்தார். தன்னுடையதை அளந்தார். மறுபடி இரண்டையும் அளந்தார்.

"லூபா!" என்று கூப்பிட்டார். "அந்தப் பெட்டி ரெண்டும் எங்க?"

"எந்தப் பெட்டி?"

"விமானம் வந்த பெட்டிடி!"

"என்ன 'டி' போடறே? சலவை மெஷினுக்கு மேல பாரு."

ஒன்று ஓரெஸ்ட் எந்தக் காலத்திலோ வாங்கி அலமாரியில் போட்டுவைத்தது. இன்னொன்று, தோரா வந்து கேட்ட பிறகு கார்னெட்டுக்கென்று இந்த வருஷம் கடையில் வாங்கியது. மேலே ஒரே படம்: ஏரி, பைன் மரங்கள், மஞ்சள் விமானம். இந்த வருஷத்துப் பெட்டியின் பக்கவாட்டில் மட்டும் பொடி எழுத்தில் புதிய அச்சில் வார்த்தது என்று போட்டிருந்தது. ஒரே பொருள்தானே என்று இருவரும் ஆளுக்கொரு கூட்டை எடுத்துக்கொண்டு, வெறும் பெட்டிகளை இங்கேயே போட்டிருந்தார்கள். புதிய அச்சில் சுவர் கனம் கூட. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு மில்லிமீட்டருக்கு மேல். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு விமானத்தில் அது ஓர் ஆளின் தோள் அகலத்தில் எட்டில் ஒரு பாகம்.

கார்னெட் வந்தபோது காலர் முழுக்கப் பனி. போனில் ஓரெஸ்ட் 'வாடா' என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். மேசையில் இரண்டாகக் கிடந்த தன் விமானத்தை முதலில் பார்த்தான். ஓரெஸ்ட் காலிப்பரை அவன் கையில் கொடுத்தார்.

அளந்து முடித்ததும் கார்னெட் காலிப்பரை மூடினான்.

"அப்ப," என்றான் நிதானமாக, "வேற எவனோ வாயில அச்செடுத்து எனக்குப் பல்லு கட்டியிருக்கே."

"ஆமா."

"அதை மாட்டிப் பார்த்து நான் ஒரு வாரமா என் ஈறைச் சுரண்டியிருக்கேன்."

"ஆமாடா, ஆமா."

"லூபா! கேட்டியா? இவனுக்குத்தான் ஊர் முழுக்க நோயாளிங்க!"

"எனக்குப் பல்லு விழற வரைக்கும் நான் வேற ஆளைப் பார்த்து வெச்சுக்கறேன்," என்று மேலிருந்து பதில் வந்தது.

சிரிப்பு அடங்கியபோது ஓரெஸ்ட் கேட்டார். "பொருந்தலைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"உன்கிட்டயா?" கார்னெட் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "போன தடவை கதவுக் கீல் கொஞ்சம் இடிக்குதுன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா? ரெண்டு மாசம் பேசலை நீ. என் கல்யாண நாளுக்கு வந்து, பொண்டாட்டி டெர்ரிகிட்ட பேசிட்டு, என்கிட்ட பேசாம சாப்பிட்டுட்டுப் போனே."

"ரெண்டு மாசம் இருக்காது."

"இருந்துச்சு," என்றாள் லூபா மேலிருந்து.

"உன் வேலையில நான் பிளேடு வெச்சா நீ செத்துருவே. அதனால கூட்டைச் சுரண்டினேன். அதுவும் ஓட்டையாச்சு. அப்புறம் நாள் இல்ல. காட்சி முடியட்டும், அப்புறம் மெதுவா சொல்லலாம்னு இருந்தேன். அந்தம்மா அழுததும் வாயே வரலைடா." அவன் ஜன்னல் கண்ணாடி ஒன்றை விரலால் நகர்த்தினான். "பனி வரையறப்ப எனக்கே வெக்கமா இருந்துச்சு. அந்த வெக்கத்துலதான் அவ்வளவு நல்லா வந்துச்சோ என்னமோ."

ஓரெஸ்ட் தன்னிடம் தயாராக இருந்த வசனங்களைத் தேடிப் பார்த்தார். ஒன்றும் இந்த இடத்தில் உட்காரவில்லை.

"நான் இழைச்சுடறேன்," என்றார். "சரக்கறையை. ரெண்டு பக்கமும் சட்டத்தை எடுத்துட்டு, தளத்தைக் குறைச்சு. உன் கூட்டை மறுபடி ஒட்டிரலாம். மூட்டுல மட்டும் நீ பெயிண்ட் தொட்டா போதும்."

"வேண்டாம்."

"ஏன்?"

"சுவரைத் தடவிப் பாரு. அப்பளம். இன்னொரு தடவை அழுத்தினா உடைஞ்சுரும்." சாம்பல் நிறக் கூட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "இதுல பொருந்துதுல்ல? இதுலயே வை. நான் முதல்லேருந்து அடிக்கறேன்."

"மூணு வாரமாச்சேடா."

"இப்ப ரெண்டு வாரம் போதும். சுரண்டற வேலை இல்லையே."

மீதி இருந்தது தோரா. அதை யார் சொல்வது என்பதில் கொஞ்சம் இழுபறி. கடைசியில் கார்னெட், தான் அறைந்த ஆணியைத் தானே பிடுங்குவதாகச் சொல்லி, போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி போட்டான். நேராகச் சொன்னான். அம்மா, நீங்க பார்த்த விமானம் காலி. படத்தில் இருப்பது உள்ளே இல்லை. நான்தான் மறைத்தேன். ஓரெஸ்டுக்கு நேற்றுவரை தெரியாது.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி தரையில் உரசிய சத்தம்.

"அப்ப அந்தப் படம்? அது பொய்யா?"

"இல்லம்மா. படம் நிஜம். அது எல்லாம் இருக்கு. விமானத்துக்குள்ள இல்ல, அவ்வளவுதான்."

"எங்க இருக்கு?"

கார்னெட் ஓரெஸ்டைப் பார்த்தான். "மார்ஜரின் டப்பாவுல."

தோரா சட்டென்று சிரித்தாள். குரல் கொஞ்சம் நனைந்திருந்தது. "எங்கப்பா மத்தியானச் சாப்பாட்டையே அதுலதான் எடுத்துட்டுப் போவார்."

"புதுசா செஞ்சு தர்றோம். ரெண்டு வாரம் ஆகும்."

"ஆகட்டும். ஆனா ஞாயித்துக்கிழமை நான் வர்றதா இருந்தது வர்றதுதான். அதுக்குள்ள மூடிடாதீங்க. நான் உள்ள பார்க்கணும்." நாற்காலி மறுபடி உரசியது. "இன்னொண்ணு கேக்கலாமா? ஜன்னல்ல எதுக்குப் பனி போட்டீங்க? நல்லா இருந்துச்சேன்னுதான் அன்னைக்குக் கேக்கலை. நான் அப்பாகூடப் போனதெல்லாம் கோடை லீவுல. ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு ஏரியைப் பார்த்துக்கிட்டே போவேன்."

கார்னெட்டின் காது சிவந்தது. "போடமாட்டேம்மா. இந்தத் தடவை போடமாட்டேன்."

சங்கத் தலைவர் ராயிடமும் அவனே போய்ப் பட்டயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். ராய் திட்டவில்லையாம். இனிமேல் படம் வைக்கிறவர்கள் கூட்டை ஆட்டிக் காட்ட வேண்டும் என்று விதி போடப்போவதாகச் சொன்னாராம்.

ஞாயிறு காலை தோரா வந்தாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு, கொண்டுவந்த பிளம் அடுக்குக் கேக்கை லூபாவிடம் கொடுத்தாள். காப்பி வேண்டுமா என்று கேட்டதற்கு, "அப்புறம்," என்றபடி நேராகக் கீழே இறங்கினாள், லூபாவும் பின்னாலேயே வந்தாள். சாம்பல் கூட்டின் ஒரு பாதி விளக்குக்குக் கீழே மல்லாந்திருந்தது, அதற்குள் சரக்கறை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்தை மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். கார்னெட்டும் ஓரெஸ்டும் நடுவர்களுக்கு முன்னால் நிற்கிறவர்களைப் போல நின்றார்கள்.

"சாக்கு அப்படியே இருக்கு," என்றாள். "பெட்டியும். ஆனா..."

"சொல்லுங்க," என்றார் ஓரெஸ்ட்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பெட்டி அவ்வளவு முன்னால இருக்காது. அந்த போட்டோ எடுக்கறப்ப நகர்த்தி வெச்சிருந்தாங்க. பறக்கறப்ப பின்னால, அந்தக் கதவுகிட்ட. எனக்கு அப்பாவோட தோள் எட்டாது. எதாவது சொல்லணும்னா கத்தணும். அவர் திரும்பாம கையை மட்டும் தூக்குவார், கேட்டுச்சுன்னு."

கார்னெட் கூரையைப் பார்த்தான். ஒட்டி, பெயிண்ட் அடித்து, நிழல் கொடுத்து, எல்லாம் முடிந்த வேலை அது. நகர்த்தினால் அடியில் வெள்ளையாகத் தழும்பு விழும்.

"எவ்வளவு பின்னால?" என்றார் ஓரெஸ்ட்.

தோரா விரலை வைத்துக் காட்டினாள். ஓரெஸ்ட் உட்கார்ந்து, மெல்லிய பிளேடைப் பெட்டியின் அடியில் செருகி நெம்பினார். டக்கென்று பெயர்ந்தது. தழும்பு விழுந்த இடத்தில் பழுப்புப் பெயிண்டைத் தொட்டு மறைத்தார். பெட்டியைக் கதவுப் பக்கம் கொண்டுபோய் வைத்து, "இங்கயா?" என்றார். "இன்னும் கொஞ்சம்." "இங்க?" "அங்கதான்." அங்கே சுவரின் சட்டம் பெட்டியின் ஓரத்தை இடித்தது. ஓரெஸ்ட் அரத்தை எடுத்துச் சட்டத்தில் கொஞ்சம் தேய்த்தார். கார்னெட் வாயைத் திறந்தான், லூபாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

"இப்ப மூடலாமா?" என்று தோராவிடம் கேட்டார் ஓரெஸ்ட்.

அவள் இன்னொரு முறை குனிந்து பார்த்தாள். "மூடுங்க."

மறு பாதி வந்து உட்கார்ந்தது. கார்னெட் மெல்லிய தூரிகையை ஒட்டுத் திரவத்தில் நனைத்து மூட்டின் மேல் வைத்தான். தண்ணீர்போல் அது கோட்டுக்குள் தானாக ஓடியது. மூக்குப்பக்கம் ஒரு கவ்வி, நடுவில் ஒரு ரப்பர் பேண்டு. வால்பக்கத்துக்குக் கவ்வி போதவில்லை. அந்த இடத்தில் கூடு மெல்லியது, ரப்பர் பேண்டு வழுக்கியது.

"விரலால பிடிக்கணும்," என்றான் கார்னெட். "என்னால இந்தப் பக்கம் விட முடியாது. ஓரெஸ்ட், நீ?"

"நான் அடியில பிடிச்சிருக்கேன்."

"நான் பிடிக்கறேன்," என்றாள் தோரா. ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வாலின் இரு பக்கமும் வைத்தாள். "இப்படியா? எவ்வளவு நேரம்?"

"பிடிக்கற வரைக்கும். அழுத்தக் கூடாது, விடவும் கூடாது."

மூன்று பேரின் தலையும் ஒரு விளக்கின் கீழே கிட்டத்தட்ட இடித்துக்கொண்டன. கார்னெட்டுக்கு மூக்கு அரித்தது. லூபா ஒரு துடைப்புத் துணியால் அதைத் தேய்த்துவிட்டு, "இதுக்கும் எனக்குப் பட்டயம் தரணும்," என்றாள். யாரும் நகர முடியாததால் பேச்சு வந்தது. வடக்குக் கரையில் இறங்கும்போது ஊர் மொத்தமும் தபாலுக்காக ஓடிவரும் என்று தோரா சொல்லத் தொடங்கினாள். ஒருமுறை மூட்டைகளுக்கு நடுவில் ஒரு நாய்க்குட்டியும் வந்தது. யாருடையது என்று முகவரி இல்லை.

"அப்புறம்?" என்றார் ஓரெஸ்ட்.

அடியிலிருந்த அவர் விரலுக்கு மூட்டு இறுகிவிட்டது தெரிந்தது. எதிரே கார்னெட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவன் கண்ணை நிமிர்த்தி இவரைப் பார்த்தான். இருவரும் கையை எடுக்கவில்லை.

"அப்புறம் என்ன," என்றாள் தோரா, வாலை விடாமல். "அந்த நாய் ஒவ்வொரு ஊர்லயும் இறங்கி, ஒவ்வொரு ஊர்லயும் மறுபடி ஏறிக்கிச்சு."